பொத்தான் அறையில் மேகமாறன்

கோட்டு தைக்கும் அந்தத் தொழிற்கூடத்தின் மூன்றாம் மாடியில், பொத்தான் வைக்கும் அறையில், பதினோரு பெண்கள் ஊசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டாவது ஆள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஊசி பிடிக்கிறவர்களால் துணியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. காது மட்டும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற அந்தக் காதுகளுக்காகத்தான் அவள். வாசிப்பக்கா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் அவளும் ஊசி பிடித்தவள்தான். கோட்டுப் பொத்தான் சட்டைப் பொத்தான் மாதிரி இல்லை. தடித்த துணி, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு சின்னக் கழுத்து எழுப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரல் அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்தி அவளுடைய வலது கட்டைவிரலின் அடிமூட்டு ஒரு நாள் கோபித்துக்கொண்டது, பிறகு சமாதானமே ஆகவில்லை. காலையில் தன் உடைக்குப் பொத்தான் போடவே கணவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"பட்டன் வச்சே பொழச்சவளுக்கு பட்டன் போட ஒரு ஆளு" என்பார் அவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் மேலே கீழே ஏற்றி இறக்கித்தான் பேசுவார். "நல்ல பதவிதான் எனக்கு."

அறையில் இருந்த பெண்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். அவள் பங்குக் கோட்டுகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வது, அவள் சத்தமாக வாசிப்பது. "நீ வாயால தை, நாங்க கையால தைக்கிறோம்" என்றாள் துணியில் சுண்ணக்கட்டியால் குறி போடுகிறவள். அவளுக்குப் பெயர் சாக்கட்டி. விரல், மூக்கு, காது எல்லாம் எந்நேரமும் வெளுத்திருக்கும். பழைய சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருந்தார். சாயங்காலம் குவியல் குறைந்திருந்தால் அவருக்குப் போதும்.

முதலில் செய்தித்தாள் வாசித்தாள். ஒவ்வொரு செய்திக்கும் அறையில் இரண்டு கட்சி உருவாகி, ஊசி நின்று நாக்கு ஓடியது. பிறகு குடும்ப நாவல். மாமியாரைத் திட்டுகிற இடத்தில் எல்லாரும் ஊசியை இறுக்கிக் குத்தினார்கள், கதாநாயகி அழும் இடத்தில் எல்லாரும் மூக்கு உறிஞ்சினார்கள். ஒரு மத்தியானம் முழுக்க நாலு கோட்டுத்தான் முடிந்தது. அதற்குப் பிறகுதான், நூலகத்தில் வேறெதுவும் கிடைக்காத ஒரு சனிக்கிழமை, தலையணை கனத்தில் இருந்த அந்தச் சித்திரக்கதைத் தொகுப்பை எடுத்து வந்தாள். அறுபது எழுபது வருஷத்துக்கு முன் மாதாமாதம் மெல்லிய இதழ்களாக வந்த சாகசவீரர் கதைகளை இருபது இருபதாகச் சேர்த்து, மொழிபெயர்த்து, பளபளப்பான தாளில் மறுபடி அச்சிட்ட புத்தகம்.

"படக்கதையா? படத்த நாங்க எங்க பாக்குறது?" என்றார்கள்.

ஆனால் பழைய காலத்து ஆட்கள் படத்தை நம்பவில்லை என்பது வாசிக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தது. வீரன் சன்னல் வழியாகக் குதிப்பதை வரைந்துவிட்டு, மேலே ஒரு கட்டத்தில் 'வீரன் சன்னல் வழியாகக் குதிக்கிறான்!' என்றும் எழுதியிருந்தார்கள். குதிக்கிறவனும் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. 'நான் இப்போது குதித்தால்தான் அந்தக் கயிற்றைப் பிடிக்க முடியும்!' என்று சொல்லிக்கொண்டேதான் குதித்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்களுக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. ஒரு இதழ் நாற்பது நிமிஷம். அழுகை இல்லை. கை ஓடியது.

இன்னொன்றும் இருந்தது. தனித்தனியாக விற்ற இதழ்கள் என்பதால், புதிதாக வாங்குகிறவனுக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் வீரனின் பிறந்த கதையைத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். தொகுப்பில் அது இருபது பக்கத்துக்கு ஒரு முறை வந்தது. அறைக்கு ரொம்பப் பிடித்தவன் மேகமாறன். அவன் கதையை அவள் திறந்ததும் பதினோரு பேரும் தலை நிமிராமல் சேர்ந்து சொல்வார்கள்:

"வானிலை நிலையத்தின் கூரையில் தனியே நின்றவன்! மின்னல் தொட்டும் மாளாதவன்! உருவம் கரைந்து மேகமானவன்! துயரம் கேட்ட இடத்தில் மழையாய் இறங்குபவன்!"

'இறங்குபவன்' என்கிற சொல்லோடு பதினோரு ஊசிகளும் துணிக்குள் இறங்கும். உயரத்திலிருந்த சன்னல்களின் வழியாக வெளிச்சம் சாய்ந்து விழும். மூலையில் இஸ்திரி போடுகிற அண்ணனின் மேசையிலிருந்து வெண்ணிறமாக ஆவி எழுந்து வந்து, சாம்பல் நிறக் கோட்டுகளின் தோளைத் தொட்டுவிட்டுக் கரையும். அந்த நேரத்தில் அறைக்குள் மேகமாறன் எங்கே முடிகிறான், இஸ்திரி ஆவி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

படம் பார்க்காததால் ஒவ்வொருத்தியிடமும் ஒரு மேகமாறன் இருந்தான். ஒருத்திக்கு அவன் நெட்டை. ஒருத்திக்கு அவன் குள்ளம், லேசாகத் தொப்பை. நாளெல்லாம் ஒரு காதில் இயர்போனை மாட்டி மகளோடு பேசிக்கொண்டிருக்கிறவளுக்கு அவன் குரல் மட்டும்தான். எல்லாருக்கும் பொதுவான சந்தேகம் ஒன்றுதான் இருந்தது.

"அக்கா, அவன் முதுகுல பறக்குதே, அந்த மேலங்கி கழுத்துல எப்படி நிக்குது? பட்டனா, ஊக்கா, முடிச்சா?"

வாசிப்பக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே போடல. சும்மா நிக்குது."

"வரைஞ்சவன் ஜென்மத்துல துணி தச்சிருக்க மாட்டான்."

"இல்லடி, மறைபட்டன். உள்ளுக்குள்ள வச்சு எவளோ நல்லா தச்சிருக்கா. வெளிய தெரிஞ்சா அவ என்ன வேலக்காரி?"

அந்த முகம் தெரியாத தையல்காரிக்கு அறையில் அன்றிலிருந்து ஒரு மரியாதை உண்டாயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புதிய சூப்பர்வைசர் வந்தார். மரியாதையான ஆள். மாடிப்படியில் யாராவது துணி மூட்டையோடு ஏறினால் ஒதுங்கி நிற்பார். அவரும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

"எல்லா மாடிக்கும் ஸ்பீக்கர் வைக்கிறோம்மா. பாட்டு ஓடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்ல? நீங்களும் மறுபடி வேலைக்கு உக்காந்துக்கலாம்."

வாசிப்பக்கா தன் கட்டைவிரலை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"சார், பாட்டு கேட்டா எங்களுக்குத் தூக்கம் வரும்" என்றாள் சாக்கட்டி.

"சரி, மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். வேலை குறையாம ஓடினா நான் ஏன் மாத்தப்போறேன்? குறைஞ்சா ஸ்பீக்கர்தான்."

ஸ்பீக்கர் வந்தால் வாசிக்க ஆள் வேண்டாம். வாசிக்க வேண்டாமென்றால் ஊசி. ஊசி பிடிக்க முடியாது என்றால் வீடு. மாசக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தது. நூலகத்தில் ஒரு முறைக்கு ஒரு தொகுப்புத்தான் தருவார்கள், அதுவும் இரண்டு வாரத்துக்கு. ஆகவே அந்தச் சனிக்கிழமை அவள் எடுக்கப்போகிற புத்தகத்தின் மேல்தான் அவளுடைய நாற்காலி நின்றது.

கணவர் பை தூக்க வந்திருந்தார். நூலகத்தின் பின்கட்டில், மரத்தூள் வாசனை அடிக்கும் அலமாரிக்கு முன்னால், அவள் மூன்று புத்தகங்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குற. மூணும் நல்ல குடும்பமாத்தான் தெரியுது" என்றார் அவர்.

"சும்மா இருங்க."

முதலாவது, 'தாமிரச் சிறகி'யின் இரண்டாம் தொகுதி. சொல் நிறைய இருந்தது, சண்டையும் நிறைய. ஆனால் சிறகி ஒவ்வொரு இதழிலும் காதலனிடம் தான் யாரென்று மறைத்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் பெருமூச்சு விடுவாள். முதல் தொகுதியிலேயே அறை பொறுமை இழந்திருந்தது. 'சொல்லித் தொலையேண்டி' என்று இஸ்திரி அண்ணனே மூலையிலிருந்து கத்தியிருக்கிறார்.

இரண்டாவது, 'பேசாக் காவலன்'. கறுப்பு அட்டை, பட்டு நாடா. நூலகப் பெண்மணி அதைத்தான் அவள் பக்கம் தள்ளினாள்.

"இத எடுத்துக்கோங்கக்கா. விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் இதத்தான் கொண்டாடுறாங்க. படம் ஒவ்வொண்ணும் மாட்டி வைக்கலாம்."

வாசிப்பக்கா அதைத் திறந்தாள். மழை பெய்யும் ஒரு தெரு. அடுத்த பக்கத்திலும் அதே தெரு, ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு தொப்பி. ஒரு சொல் இல்லை. எவ்வளவு அழகு என்று அவளுக்கே தெரிந்தது. அந்தத் தெருவுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நனைந்துவிட்டு வரலாம் போலிருந்தது. ஆனால் இதைப் பதினோரு பேருக்கு எப்படி வாசிப்பது? 'மழை' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்புவதா?

"தனியா இருந்தா எடுப்பேன்மா" என்று மூடி வைத்தாள்.

மூன்றாவது, மேகமாறனின் மூன்றாம் தொகுதி. கட்டங்களில் சொற்கள் எறும்பு மொய்த்த மாதிரி. நடுவில் ஒரு பத்தியை எடுத்து மெதுவாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். மூச்சு எங்கே விழுகிறது, நாக்கு எங்கே தட்டுகிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். பக்கத்து மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் முதலில் முறைத்தார், பிறகு நாளிதழை இறக்கினார். அவள் நிறுத்தியதும், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் எனக்கும் தெரியாது" என்றாள்.

அது உண்மை. ருசி பார்க்க ஒரு பத்தி, அதற்கு மேல் எதையும் அவள் முன்கூட்டிப் படிக்க மாட்டாள். தனக்குத் தெரியாததைத் தன் குரலே முதலில் தெரிந்துகொள்கிற அந்த நொடி, பக்கம் திரும்பும் முன் அறை முழுக்க அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கிற நொடி, அதற்காகத்தான் அவள் காலையில் அத்தனை படி ஏறினாள். மேகமாறனைப் பையில் போட்டார் கணவர். "கனமான மாப்பிள்ள" என்றார்.

முதல் வாரம் பட்டாகப் போயிற்று. ரயில் டிக்கெட் பரிசோதகர்களுக்கான சாம்பல் கோட்டுகள் வந்திருந்தன. குவியல் எப்போதையும்விடச் சீக்கிரம் கரைந்தது. சூப்பர்வைசர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதித்துப் போனார்.

இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒரு காலை, தேநீருக்குப் பிறகு, 'கண்ணாடி நகரம்' என்ற இதழ் வந்தது. அதில் இடவலன் என்று ஒரு வில்லன். கொள்ளையடிக்க மாட்டான், கொல்ல மாட்டான். உலகத்தின் இடத்தையும் வலத்தையும் மாற்றிவிடுவான், அவ்வளவுதான். அவன் ஊதிய ஒரு ஊதலில் மேகமாறன் ஒரு பெரிய கண்ணாடிக்குள் போய் விழுந்தான். உள்ளே கடிகாரங்கள் பின்னோக்கிச் சுற்றின. மக்கள் இடது கையை நீட்டி வணக்கம் சொன்னார்கள். இதயம் வலப்பக்கத்தில் துடித்தது. மேகம்கூட அங்கே எதிர்ப்பக்கமாகத்தான் மிதந்தது. அவன் கிழக்கே போக நினைத்தால் மேற்கே போனான்.

வாசிப்பக்காவின் குரல் தானாகவே தாழ்ந்தது. வெளியே மூட்டமான வானம். ஆவி மெல்ல மெல்ல எழுந்து உத்தரத்தடியில் படுத்துக்கொண்டது. அப்போது பக்கத்தின் அடியில் ஒரு கட்டம், வாசகரைப் பார்த்தே பேசியது. அவள் வாசித்தாள்:

"வாசகரே! உங்கள் வலது கையைப் பாருங்கள். அது உண்மையிலேயே உங்கள் வலது கைதானா?"

பதினோரு பேரும் ஒரு நொடி தங்கள் கைகளைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஊசிகள் மறுபடி ஓடின, முன்னைவிடச் சீராக, தண்ணீருக்கடியில் தைப்பது மாதிரி. அந்த இதழ் முடியவில்லை. 'அடுத்த இதழில் தொடரும்' என்றது, அடுத்ததிலும் அவன் கண்ணாடிக்குள்தான் இருந்தான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது எல்லாரும் எங்கேயோ போய்விட்டுத் திரும்பினவர்கள் மாதிரி எழுந்து நின்றார்கள்.

சாப்பிட்டு வந்து உட்காரும் முன்பே பக்கத்து அறையிலிருந்து காஜாக்காரர் வந்தார். பொத்தான் வைத்த பிறகு எதிர்ப்பக்கத்தில் காஜா, அதாவது பொத்தான் நுழையும் துளை, அடிக்கிற இயந்திரம் அவருடையது. கையில் ஒரு கோட்டு.

"இது யாருக்கு? டிக்கெட் செக்கருக்கா, அவங்க வீட்டம்மாவுக்கா?"

"ஏன், என்ன?"

"ஆம்பள கோட்டுக்கு பட்டன் எந்தப் பக்கம்மா வரும்?"

இருபது வருஷம், முப்பது வருஷம் பொத்தான் வைத்தவர்கள். தூக்கத்தில் கேட்டாலும் ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த நிமிஷம் எது வலம் என்றே பிடிபடவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இஸ்திரி அண்ணன் வந்து கோட்டை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தைத் தடவினார். கை காற்றில் நின்றது. கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"எனக்கு இது சரியாத்தான் தெரியுது" என்றார் பரிதாபமாக.

சாக்கட்டி குறியை இடப்பக்கம் போட்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் முதல் கோட்டிலேயே யாராவது, 'என்னடி, கண்ணு அவிஞ்சு போச்சா?' என்று கேட்டிருப்பார்கள். அன்றைக்கு முப்பத்தாறு கோட்டு, பதினோரு பேர், எல்லாரும் கண்ணாடிக்குள் இருந்தார்கள்.

சூப்பர்வைசர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது. "நாளைக் காலையில வண்டி வருது" என்றார். "இன்னைக்கே பிரிச்சு மாத்தணும். வாசிப்பு வேண்டாம்."

பதினோரு பேரும் குனிந்தார்கள். வாசிப்பக்காவும் நூல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ விடு" என்றாள் சாக்கட்டி. "குறி போட்டவ நானு."

"வாசிச்சவ நான்டி."

கட்டைவிரலை விட்டு, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தியைச் சொருகிப் பிரித்தாள். மூன்று கோட்டு போயிற்று. நாலாவதில் கத்தி வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தது சூப்பர்வைசர். அவள் கையை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"இதுக்குத்தான் நீங்க வாசிக்கிறீங்களா?"

"இதுல ஆரம்பிச்சுது சார்."

அவர் சன்னலைப் பார்த்தார். அறையில் நூல் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது, கீரை ஆய்கிற மாதிரி. "பத்து நாள் நான் இந்த மாடிக் கணக்கத்தான் பாத்துட்டு இருந்தேன். மத்த மாடியவிட நல்லா ஓடுச்சு. இன்னைக்கு ஒரு நாள்தான் இப்படி." சன்னலிலிருந்து திரும்பினார். "அந்தக் கதைல இப்படி ஒண்ணு வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் முன்னாடியே படிக்க மாட்டேன் சார்."

"ஏன்?"

அதை எப்படிச் சொல்வது? அந்த நொடியைப் பற்றி, பக்கம் திரும்பும் முன் நிற்கிற மூச்சைப் பற்றி, வேலை கெட்டுப்போன ஒரு மத்தியானத்தில் சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது? "பழக்கம்" என்றாள்.

"மாத்திக்குங்க. வீட்டுல முழுசா படிச்சிட்டு வாங்க. கைய குழப்புற மாதிரி ஏதாவது இருந்தா அத விட்டுடுங்க. பொறுப்பு உங்களோடது. இதுக்கு ஒத்துக்கிட்டா இந்த மாடிக்கு ஸ்பீக்கர் வேணாம்னு நான் எழுதிடறேன்."

பதினோரு பேரின் கைகளும் நின்றன. இயர்போன் போட்டவள்கூட மகளிடம், "இரு, அப்புறம் பேசறேன்" என்றாள்.

வாசிப்பக்கா கத்தியை மேசைமேல் வைத்தாள். "சரி சார்" என்றாள்.

அன்று மாலையும், அறையில் வாசிப்பில்லாமல் போன அடுத்த நாள் மாலையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்து முடித்தாள். தனியாகப் படிக்கும்போது படங்களைப் பார்க்க நேரம் இருந்தது. மேகமாறன் கண்ணாடிக்குள்ளிருந்து எப்படி வெளியே வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கு என்ன இழப்பு என்பதும் தெரிந்தது. ஒரு பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் அட்டைமேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். நல்ல இடம். அந்த இடத்தில் அவளோடு மூச்சு பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. கணவர் குளிர்பெட்டியின் கதவு கீல் ஆடுகிறதென்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு உன் ஆளுக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"நான் என்ன பட்டனா தைக்கப் போறேன்? எங்கிட்ட சொன்னா என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அதற்கடுத்த காலை நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். பிறந்த கதையை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். ஊசிகள் இறங்கின. இரண்டு பக்கம்கூட வாசித்திருக்க மாட்டாள். நூல் கோக்க நிமிர்ந்த ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அவன் தப்பிச்சிடறான்" என்றாள்.

"நான் சொன்னேனா?"

"சொல்லவே வேணாம். முகத்துல எழுதி ஒட்டியிருக்கு."

அடுத்த நூல் மாற்றலில் இன்னொருத்தி. "ஆனா முழுசா தப்பிக்கல. என்னவோ போகுது. பாரு, அக்கா உதட்ட கடிக்குது."

வாசிப்பக்காவுக்கு வாசிப்பு நின்றது. முகத்தை எப்படித் துடைத்து வைப்பது? இத்தனை நாளாக அவள் முகத்தில் இருந்ததெல்லாம் அவர்கள் முகத்திலும் அதே நேரத்தில் இருந்தது. இப்போது அவளுடையது இரண்டு நாள் முன்னால் போய் நிற்கிறது. அவர்களுக்கு அது பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாத கடிதம் மாதிரி தெரிகிறது. ஊசிகளும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. வாசலில் சூப்பர்வைசர் வரும் நேரம்.

இயர்போன் போட்டவள்தான் எழுந்தாள். எழுந்து, ஒன்றும் கேட்காமல், வாசிப்பக்காவை நாற்காலியோடு சேர்த்துச் சன்னல் பக்கம் திருப்பினாள். நாற்காலிக் கால்கள் சிமெண்டில் கிறீச்சிட்டன.

"அங்க பாத்து வாசி. எனக்கு உன் குரல் போதும். இவளுங்களும் பழகட்டும்."

"முதுகு காட்டிட்டா?"

"முதுகுல ஒண்ணும் எழுதியிருக்காது. வாசி அக்கா."

சன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டி, அதற்கு மேலே அகலமான, ஒன்றும் நடக்காத வானம். வாசிப்பக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். மேகமாறன் கண்ணாடிச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்துகிற இடம். அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் மெதுவாக, தெரியாதவள் மாதிரி இல்லாமல், கையைப் பிடித்து இருட்டில் படி இறக்குகிறவள் மாதிரி வாசித்தாள். பக்கத்தின் கடைசியில் நிறுத்தினாள். திருப்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஆவி உஸ்ஸென்று எழுந்தது. பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமலேயே அவளுக்கு அது கேட்டது. இன்னும் ஒரு நொடி அவர்களை அப்படியே வைத்திருந்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினாள்.